தொடர்கதையும் வாசகர் தீர்ப்பும்

கதை கேட்கும் வேட்கை மாந்தர்க்கு இயல்பாக அமைந்ததாகும். காவிரி பாயும் தஞ்சை நாட்டில், அறுவடை முடிந்து களத்துமேடு ஓய்ந்த நாள்களில், கோயில் மண்டபங்களில் இராமகாதையும் பாரதமும் பல இரவுகள் தொடர்ந்து சொல்லப்பட்டு வந்தன. அன்று கதை சொன்னவரும் கேட்டவரும் எதிரெதிரே இருந்தனர். சொல்வது சுவைத்தால் கேட்போர் தலையசைத்தனர். சுவைக்காவிடில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து சென்றனர். கதை சொல்பவருக்குத் தம் சொல்லின் பயன் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அச்சுப்பொறி வந்தபின் இந்நிலை மாறிற்று. எழுதுபவர் ஓர் ஊரில் இருந்தார். படிப்பவர் வேறோர் ஊரில் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் காணார். இவ்விடைவெளியை ஓரளவு குறைத்தது தொடர்கதை என்னும் புதிய அமைப்பாகும். வார இதழில் ஒரு பகுதி வெளிவரும். வாசகர் அதனைப் படித்துவிட்டு, ஓர் அஞ்சலட்டையில் தம் கருத்தை எழுதி அனுப்புவார். அதற்குள் அடுத்த பகுதி உருவாகிக்கொண்டிருக்கும். முழுநூலைப் பற்றிய கருத்து நூல் முடிந்தபின் வருவது. தொடர்கதையைப் பற்றிய கருத்தோ கதை நடந்துகொண்டிருக்கும்போதே வருவது. ஆகவே அதற்குத் தனி வலிமை உண்டு; தனி இடர்ப்பாடும் உண்டு.

வாசகர் எழுதும் கருத்துகளைக் கூர்ந்து நோக்கினால், அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். 'இவ்வாறு நடந்தால் நன்றாயிருக்குமே' என்பது விருப்பம். 'இது எவ்வாறு நடந்தது?' என்பது ஐயம். 'இவ்வாறு நடந்திருக்க முடியாது' என்று சான்று காட்டிக் கூறுவது திருத்தம். இம்மூன்றையும் ஒன்றென மயங்கினால் எழுத்தாளனும் இடறுவான். வாசகனும் தன் கடமையில் தவறுவான். இதனைச் சில உண்மை நிகழ்ச்சிகளால் தெளியலாம்.

முதலில் விருப்பத்தின் வலிமையைக் காண்போம். ஆங்கில எழுத்தாளர் கானன் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறியும் அறிஞரைப் படைத்துப் பெரும்புகழ் பெற்றவர். அப்பாத்திரத்தின் புகழ் தம் பிற நூல்களை மறைக்கிறது என்று அவர் கருதினார். ஆகவே 1893ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 'ஸ்ட்ராண்டு' என்னும் இதழில் வெளியிட்ட கதையில், ஹோம்ஸ் ஓர் அருவியில் விழுந்து மாண்டதாக எழுதிவிட்டார். வாசகர் உள்ளம் கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் இதழின் சந்தாவையே நிறுத்திக்கொண்டனர் என்பர். எட்டு ஆண்டுகளுக்குப்பின், ஹோம்ஸ் இறப்பதற்கு முன் நடந்ததாக ஒரு நெடுங்கதையை அவர் தொடராக எழுதினார். 1903ஆம் ஆண்டில், ஹோம்ஸ் உண்மையில் அருவியில் விழவேயில்லை என்று கூறி, அவரை மீண்டும் உயிருடன் உலவவிட்டார். ஹோம்ஸ் முற்றிலும் கற்பனை மாந்தர்; ஆதலின் ஆசிரியர் விரும்பினால் அவரை மாய்க்கலாம்; வாசகர் விரும்பினால் மீட்கவும் செய்யலாம். இதனால் எவ்வுண்மைக்கும் ஊறு நேரவில்லை.

இனித் திருத்தத்தின் வலிமையைக் காண்போம். அறிவியற் கதைகளில் இதற்கு மிகுதியும் இடமுண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865ஆம் ஆண்டில், மனிதரைப் பெரியதொரு பீரங்கிக் குண்டினுள் அமர்த்திச் சந்திரனை நோக்கிச் சுடுவதாக ஒரு கதை எழுதினார். பீரங்கியின் நீளம் 900 அடி. குண்டு புறப்படும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். இவ்வேகம் அவர் மனம்போன போக்கில் எழுதியதன்று. பூமியின் ஈர்ப்பைக் கடந்து செல்லத் தேவையான வேகத்தை ஒட்டியதேயாம். ஆனால், இயற்பியல் பயின்ற வாசகன் ஒருவன் எழுதுகோலை எடுத்துக் கணக்கிட்டால் என்ன காண்பான்? அத்துணை வேகத்தை 900 அடித் தொலைவுக்குள் எய்தவேண்டுமாயின், குண்டின் முடுக்கம் புவியீர்ப்பின் முடுக்கத்தைப்போல ஏறத்தாழ 22,000 மடங்கு இருத்தல் வேண்டும். அதன் அழுத்தத்தை மனித உடல் கணப்பொழுதும் தாங்காது. வெர்ன் இவ்விடர்ப்பாட்டை உணராதவர் அல்லர். அதிர்ச்சியைத் தாங்கக் குண்டின் அடியில் நீர்மெத்தை ஒன்றை அமைத்ததாகக் கதையிலேயே எழுதியுள்ளார். ஆயினும் கணக்கு அதனை ஏற்பதில்லை. வாசகன் காட்டும் இத்தகைய பிழை, விருப்பத்தைச் சேர்ந்ததன்று. இயற்கையின் விதியைச் சேர்ந்தது. அதற்குப் புகழ்பெற்ற எழுத்தாளனும் தலைவணங்கியே ஆகவேண்டும்.

அமெரிக்க நாட்டில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் 1926ஆம் ஆண்டில் அறிவியற் கதைகளுக்கென்றே 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களுக்கு அவ்விதழில் தனிப்பகுதி ஒன்று அமைந்தது. கடிதம் எழுதியவரின் பெயரோடு முகவரியும் அதில் அச்சிடப்பட்டது. அதனால் ஒரு விளைவு உண்டாயிற்று. வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதியதோடு நில்லாது, ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர், கதைகளில் வரும் அறிவியற் செய்திகளை ஆராய்ந்து வாதிட்டனர், சங்கங்கள் அமைத்தனர். அவ்வாறு கடிதம் எழுதிப் பழகிய இளைஞர் சிலர் பின்னாளில் தாமே எழுத்தாளராயினர். வாசகர் கருத்து என்பது நாற்றங்கால் போன்றது. அதிலிருந்து அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் முளைத்தெழுவதும் உண்டு.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். வாசகர் கருத்துக்கும் எழுத்தாளர் கடமைக்கும் உள்ள உறவினை விளக்கப் 'பொன்னியின் செல்வன்' என்னும் தொடர்கதையினும் சிறந்த சான்று தமிழில் கிடைப்பது அரிது. அதன் ஆசிரியர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில், மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். காவிரியும் அதன் கிளையாறுகளும் அவர் பிள்ளைமை முதற்கொண்டு கண்டவை. 1941ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'கல்கி' வார இதழில், 1950ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் முதல் 1954ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் வரை, மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக இக்கதை வெளிவந்தது. ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்ட பெருங்கதை இது. ஓவியர் மணியம் அதற்குச் சித்திரம் தீட்டினார்.

கதை ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் என்னும் வாலிப வீரன் குதிரையேறி வருகிறான். அவ்வேரி இன்று வீராணம் எனப்படும். அங்கிருந்து கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, நாகப்பட்டினம் எனக் கதை சோழநாடு முழுவதையும் சுற்றி வருகிறது. இப்பெயர்கள் தஞ்சை நாட்டு வாசகர்க்குப் புதியன அல்ல. அரிசிலாற்றுப் படித்துறையில் நீராடியவரும், கோடிக்கரைக் காட்டினூடே நடந்தவரும் அக்கதையைப் படித்தனர். ஆற்றின் போக்கையோ ஊர்களின் தொலைவையோ ஆசிரியர் தவறாக எழுதினால், அதனைக் கண்டு சொல்லத் தக்கவர்கள் அவர்கள். தாம் நாள்தோறும் நடக்கும் வரப்பின் வழியே ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசகுமாரனும் நடந்திருக்கக்கூடும் என்ற எண்ணம், தம் ஊரை அவர்கள் நோக்கும் நோக்கையே மாற்றவல்லது.

இக்கதையின் இறுதிப் பகுதியே நம் ஆராய்ச்சிக்கு உரியது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் கொலையுண்கிறான். அவனைக் கொன்றவன் இன்னான் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறாமல் ஆசிரியர் விட்டுவிடுகிறார். நாட்டு மக்கள் அருள்மொழிவர்மனே அரசனாக வேண்டுமென ஆர்ப்பரிக்கின்றனர். அவனோ, முடிசூட்டு மண்டபத்தில், தன் தலையில் ஏறவேண்டிய மணிமகுடத்தைத் தன் சிற்றப்பன் தலையில் சூட்டிவிடுகிறான். கதை அதன்பின் விரைந்து முடிகிறது. கடைசி அத்தியாயம் ஒரு திருமணக் காட்சியோடு முடியவில்லை. வந்தியத்தேவனிடம் அன்பு பூண்ட மணிமேகலை என்னும் பேதைப் பெண்ணின் மரணத்தோடு முடிகிறது.

மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் காத்திருந்த வாசகர்களுக்கு இம்முடிவு அமைதி தரவில்லை. கதை திடீரென்று முடிந்துவிட்டது என்று பலர் ஏமாற்றத்தோடு ஆசிரியருக்கு எழுதினர். குந்தவை வந்தியத்தேவனை மணந்தாளா? நந்தினி என்ன ஆனாள்? அருள்மொழிவர்மன் எப்பொழுது அரசனானான்? சதி செய்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா? இவ்வாறு வினாக்கள் எழுந்தன. இவற்றை நாம் முன்கூறிய வகையில் பிரித்து நோக்குதல் வேண்டும். அருள்மொழி உடனே முடிசூடியிருக்கலாகாதா என்பது விருப்பம். குந்தவையின் திருமணம் பற்றியது ஐயம். இரண்டுக்கும் ஒரே வகையான விடை பொருந்தாது.

வரலாறு இதில் என்ன கூறுகிறது? அருள்மொழிவர்மனே பின்னாளில் இராசராச சோழன் எனப் பெயர் பெற்றவன். அவன் அரியணை ஏறியது கி.பி. 985இல். அவனுக்கு முன் சுமார் 15 ஆண்டுகள் அவன் சிற்றப்பன் உத்தம சோழன் ஆண்டான். குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும் வரை தான் அரசை விரும்புவதில்லை என்று அருள்மொழி விட்டுக்கொடுத்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. வாசகர் ஆயிரம் கடிதம் எழுதினாலும் அப்பதினைந்து ஆண்டுகளைக் கல்கியால் அழித்தல் இயலாது. டாயில் தம் கற்பனை மாந்தரை அருவியிலிருந்து மீட்டது போல, ஆதித்த கரிகாலனைக் கடம்பூரிலிருந்து மீட்கவும் இயலாது. அறிவியற் கதைக்குக் கணக்கு எத்தகையதோ, வரலாற்றுக் கதைக்குக் கல்வெட்டு அத்தகையது.

கொலை பற்றிய ஐயத்துக்கும் இதுவே விடை. வீராணம் ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலில் உள்ள அனந்தீசுவரர் கோயிற் சுவரில் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதனை உடையார்குடிக் கல்வெட்டு என்பர். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்போரின் பெயர்கள் அதில் வருகின்றன. அவர்களையும் அவர்தம் உறவினரையும் சேர்ந்த நிலங்களைப் பற்றிய நடவடிக்கையை அது கூறுகிறது. ஆனால், அவர்கள் ஏன் கொன்றனர், எவ்விடத்தில் கொன்றனர், அவர்களுக்குப் பின்னின்று தூண்டியவர் எவரேனும் உண்டா என்பவற்றைக் கல்வெட்டு கூறவில்லை. அறிஞர்களும் இன்றளவும் இதில் கருத்து வேறுபடுகின்றனர். ஆராய்ச்சியாளர் அறியாத ஒன்றைத் தாம் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், அக்கொலையைத் திரைமறைவில் நிறுத்தியது கல்கியின் குறைபாடு அன்று. சான்றுக்கு அடங்கி நடக்கும் பண்பு என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயினும், வாசகரின் வினாக்களை அவர் பொருட்படுத்தாமல் விட்டுவிடவில்லை. கதை முடிந்தபின் தனியே ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி விளக்கம் கூறினார். அருள்மொழிவர்மன் மகுடத்தைத் துறந்த செயலே இக்கதையின் உச்சி. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயரிட்டதும் அதுபற்றியே. சிகரத்தை அடைந்தபின் மேலே ஏறுவதற்கு இடமில்லை அன்றோ! விருப்பத்துக்காகக் கதையை மாற்றாமலும், ஐயத்துக்கு விடை கூறாமல் நழுவாமலும் அவர் நடந்துகொண்ட முறை எண்ணி மகிழத்தக்கது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், கதை முடிந்த ஏழாவது மாதத்தில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். வாசகர் அன்று கேட்டு எழுதியிராவிடில், அவ்விளக்கங்கள் நமக்குக் கிடைத்திரா.

குந்தவையின் திருமணம் பற்றிய ஐயத்துக்கோ தஞ்சையிலேயே விடை இருக்கிறது. கி.பி. 1010இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று, இராசராசனின் தமக்கையாகிய குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கிறது. அவள் அக்கோயிலுக்கு அளித்த பொன்னும் அணிகலன்களும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. வந்தியத்தேவனைப் பற்றி வரலாறு கூறுவது ஏறத்தாழ அவ்வளவே. அச்சிறு குறிப்பினின்றும் தமிழ்மக்கள் மறவாத ஒரு வீரனைப் படைத்தது கல்கியின் கற்பனை.

வாசகர் உள்ளத்தில் நிறைவேறாது நின்ற ஆவலும் வீண்போகவில்லை. 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். இராசராசனின் மைந்தன் இராசேந்திரனைப் பற்றி அகிலன் எழுதிய 'வேங்கையின் மைந்தன்' 1963ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பகுதிகளாகத் திரைப்படமாக வெளிவந்தது. அப்பொழுதும், கதையில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற பழைய வாதம் புதிதாக எழுந்தது.

கடந்தகாலத்தைப் பற்றிய கதைக்குக் கல்வெட்டுச் சான்றாகும். வருங்காலத்தைப் பற்றிய கதைக்கு எது சான்று? காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா என்னும் எஸ். ரங்கராஜன் (1935–2008) பொறியியல் அறிஞர். பெங்களூரில் மின்னணு வாக்குப்பதிவுப் பொறியை உருவாக்கும் பணியில் பங்குகொண்டவர். அவர் 1980ஆம் ஆண்டுகளில் 'ஆனந்த விகடன்' இதழில் 'என் இனிய இயந்திரா' என்னும் அறிவியல் தொடர்கதையை எழுதினார். இருபத்தோராம் நூற்றாண்டில் நடப்பதாக அமைந்த அக்கதையில், ஜீனோ என்னும் இயந்திர நாய் வருகிறது. விளையாட்டுப் பொருளாக வந்த அது, நூல்களைப் படித்து, தானே சிந்திக்கத் தொடங்குகிறது. வாசகர் அதனிடம் பெரிதும் அன்பு கொண்டனர். 'மீண்டும் ஜீனோ' என்னும் தொடரும் பின்னர் வந்தது. அன்று அக்கதையை வாரந்தோறும் படித்தவர்க்கு, சிந்திக்கும் இயந்திரம் என்பது வியப்பு. அது நடக்கக்கூடுமா என்பது ஐயம். இன்று அந்நூற்றாண்டிலேயே வாழும் மாணவர், எழுதியவை எவ்வளவு நிகழ்ந்தன, எவ்வளவு நிகழவில்லை என்று ஒப்பிட்டு நோக்கலாம். அறிவியற் கதைக்குக் காலமே பின்னாளில் வாசகனாக வந்து தீர்ப்புக் கூறுகிறது.

அதே சுஜாதாவின் வாழ்வில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்புலமாகக் கொண்டு, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடர்கதையை அவர் 'குமுதம்' இதழில் தொடங்கினார். சில பகுதிகள் வெளிவந்த அளவில், ஒரு சாராரின் கடும் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டது. அதே களத்தைக் கொண்டு பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்னும் கதை எழுந்தது. தம் முன்னோர் இழிவாகக் காட்டப்படுகின்றனர் என்று ஒருவர் வருந்துவாராயின், அவ்வருத்தத்தைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால், தொடக்கத்தை மட்டும் கண்டு முழுக்கதைக்கும் தீர்ப்பளிப்பது முறையாகுமா? பிழை உண்டாயின் சான்று காட்டித் திருத்தச் செய்வது ஒரு வழி. மேலே எழுதவே கூடாதெனத் தடுப்பது மற்றொரு வழி. முன்னது கருத்து, பின்னதைக் கருத்து என்று சொல்லுதல் பொருந்தாது.

இவற்றால் வாசகனுக்குரிய நெறிகள் சில விளங்குகின்றன. ஒரு பகுதியைப் படித்துக் கருத்துக் கூறுங்கால், அது ஒரு பகுதியே என்பதை மறத்தலாகாது. தீய பாத்திரத்தின் மீது எழும் வெறுப்பைக் கதையின் குற்றமாகக் கொள்ளுதல் கூடாது. நந்தினியை ஒருவர் வெறுத்தால், வெறுக்குமாறு எழுதியது ஆசிரியரின் திறமையே ஆகும். 'நன்று' என்றாலும் 'நன்றன்று' என்றாலும் காரணம் காட்டுதல் வேண்டும். தான் கூறுவது விருப்பமா, ஐயமா, திருத்தமா என்று தன்னையே முதலில் வினவிக்கொள்ளுதல் வேண்டும். விருப்பமாயின் பணிவோடு கூறலாம். அதனை ஏற்பதும் விடுப்பதும் ஆசிரியரைப் பொறுத்தது. ஐயமாயின் விடை பெறும் உரிமை உண்டு. திருத்தமாயின், நூலையோ கல்லையோ கணக்கையோ முன்வைத்தல் வேண்டும்.

தஞ்சை நாட்டு மாணவர்க்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. பிறர் ஏட்டில் மட்டும் காணும் சான்றுகள் அவர்கள் ஊர்ப்புறத்திலேயே உள்ளன. கதையைப் படித்தபின் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை நேரில் நோக்கலாம். காட்டுமன்னார்கோயிலுக்குச் சென்று இரவிதாசன் பெயர் பொறித்த சுவரைக் காணலாம். வடவாற்றின் வழியே வீராணத்துக்கு நீர் வந்து நிறையும் காலத்தில் அதன் கரையில் நின்று பார்க்கலாம். எது கல்லில் உள்ளது, எது கல்கியின் உள்ளத்தில் பிறந்தது என்று பிரித்தறியும் மாணவன், அவ்விரண்டையுமே முன்னினும் மிகுதியாகச் சுவைப்பான். அவன் எழுதும் கடிதத்துக்கு எந்த எழுத்தாளனும் மதிப்பளித்து மறுமொழி எழுதுவான்.